ஆறாவது வரி

இந்தத் தீவில் யாரும் வாசலைப் பூட்டுவதில்லை.
காற்றே பூட்டிவிடும் என்பாள் சுன்வோர்.
அக்டோபரில் அது மெய்தான்:
கதவைத் திறக்க ஓர் ஆள்,
திறந்ததைப் பிடிக்க ஓர் ஆள்.

படகுகளின் நேரம் சொல்லும் நிரல் எங்களுடையது.
டோர்ஷவுனில், வலைக்கடைக்கு மேலே ஒரு மாடி,
மூன்று மேசை,
மீன்வாடை நுழையாத ஜன்னல் ஒன்று.
நிரல் கிடக்கும் களஞ்சியத்துக்கு மட்டும் பூட்டு.
கடவுச்சொல் இல்லை, சாவிகள்தான்,
ஜோடி ஜோடியாய்ப் பிறப்பவை.
ஒன்றை ஊரறியக் கொடுக்கலாம்,
துறைமுகச் சுவரில் ஒட்டினாலும் குற்றமில்லை.
மற்றது
பிறந்த இயந்திரத்தின் படி தாண்டாது.

புதன்கிழமை தணிக்கை.
அனுமதிப் பட்டியலைத் திரையில் விரித்தோம்.
ஆறு வரிகள்,
ஆறும் நான்கு ஏ-யில் தொடங்கி
வாய்க்கு வராத எழுத்துகளாய் ஓடி
வாலில் மட்டும் ஒரு பெயர்.
என்னுடையது. சுன்வோருடையது.
ஹானுஸுக்கு இரண்டு,
இரண்டாவது கணினி வீட்டுக்குத் தெரியாது.
ஐந்தாவது, சோதனை இயந்திரம்.
ஆறாவதன் வாலில்
'அடுப்படி' என்றிருந்தது.

யாருடைய அடுப்படி?
ஹானுஸ் உதட்டைப் பிதுக்கினான்.
பதிவேட்டைத் தோண்டினாள் சுன்வோர்:
நாலு வருடமாக, இரவு மூன்று பத்துக்கு
யாரோ வருகிறார்கள்,
படிக்கிறார்கள்,
போகிறார்கள்.
ஓர் எழுத்தை மாற்றியதில்லை.
வந்த முகவரி தொலைபேசி நிறுவனத்தினுடையது,
பாதித் தீவுக்கு அதுதான் முகவரி.
ஒழுக்கமான திருடன், என்றேன்.
அழித்தேன்.
ஒரு வரி போனதில்
கோப்பு இளைத்ததாகவே தெரியவில்லை.

வியாழன் காலை ஐந்தே முக்கால்.
தெற்குத் தீவிலிருந்து ஒரு குரல்,
படகுத்துறைச் சாப்பாட்டுக்கடை மாலான்.
"பலகை நேற்றைய நேரத்தையே காட்டுது.
புயலுக்குப் பயந்து படகு ஒரு மணி முன்னாலேயே போயிடுச்சு.
பதினோரு பேர் என் கடையில நிக்கறாங்க,
ஒருத்திக்கு இன்னைக்கு ஆஸ்பத்திரியில தேதி.
குளிர்பெட்டி மேல உங்க டப்பா இருக்கே,
பச்சை விளக்கு நல்லாத்தானே எரியுது?
நான் தினமும் தூசி தட்டறேன்."

வைத்தவன் எங்களிடம் ஒரு கோடை வேலை பார்த்த பையன்.
இப்போது கிரீன்லாந்துப் பக்கம்
இழுவைக் கப்பலில் இருக்கிறான்.

பழைய வரியைத் திருப்பி ஒட்டிவிடலாம் என்றேன்.
"எவன் எவனுக்குக் கொடுத்தான் என்று தெரியாததை
நான் ஒட்டமாட்டேன்" என்றாள் சுன்வோர்.
புதுச் சாவி பிறக்கட்டும்,
அங்கேயே, அந்தக் குளிர்பெட்டி மேலேயே.
பொதுப்பாதி அஞ்சலில் வரட்டும்.
அதன் ரேகையை மட்டும் வாயால் சொல்லட்டும்,
இடையில் எவனும் மாற்றவில்லை என்று
எங்கள் காது அறிய.

நாற்பத்து மூன்று எழுத்து.
மாலான் கண்ணாடி தேடி எடுத்தாள்.
"பெரிய கே. கார்லோட கே,
மூணு மாசக் கடன் பாக்கி.
சின்ன க்யூ. ஏழு. சாய்கோடு.
இரு, சூப் பொங்குது.
சாய்கோடு சொல்லிட்டேனா?
பெரிய ஓ, இல்லை, பூஜ்யம்,
இல்லை இல்லை, ஓ-தான், வயிறு பெருத்திருக்கு."
திரையில் விரல் வைத்துத் தொடர்ந்தேன்.
அவளுக்குப் பின்னால் பதினோரு பேரின் இருமல்,
தட்டுகள், காற்று.
யாரோ ஒரு பெண்
எத்தனை மணிக்கு அடுத்தது, எத்தனை மணிக்கு அடுத்தது
என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பொருந்தியது, கடைசி எழுத்துவரை.
படிக்க மட்டும் அனுமதி.
வாலில் சுன்வோர் நிதானமாய் எழுதினாள்:
'மாலான் கடை, குளிர்பெட்டி மேல், கேட்காமல் அழிக்காதே.'

வெள்ளி இரவு தூக்கமில்லை.
மூன்று பத்துக்குப் பதிவேட்டில் ஒரு வரி அசைந்தது:
வந்தது, படித்தது, போனது.
அந்தப் பெண்ணுக்கு வேறு தேதி கிடைத்ததா
என்று மாலானைக் கேட்கக் கைபேசியை எடுத்தேன்.
மணியைப் பார்த்தேன்.
வைத்துவிட்டேன்.